பவளக்கல் சுவரும் சாய்ந்த வள்ளமும்: தனுஷ்கோடியை ஒரு பலகைக்குள் கட்டிய கதை

தனுஷ்கோடியில் கூட வந்தவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்து ஓடியபோது நான் மட்டும் அந்த இடிந்த தேவாலயத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றேன். சுவர் முழுக்கப் பவளக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் தேன்கூடு போலக் குட்டிக் குட்டிக் குழிகள், ஒரு காலத்தில் ஒவ்வொரு குழிக்குள்ளும் ஓர் உயிர் இருந்திருக்கிறது. அதைத் தொட்ட கையோடு இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. செய்து முடிக்க நான்கு மாதம் ஆனது.

டயோராமா, அதாவது ஒரு காட்சியைச் சிறிய அளவில் பலகை மேல் அமைக்கிற வேலை, செய்கிறவர்கள் பெரும்பாலும் போர்க்களத்தையும் டாங்கியையும்தான் செய்வார்கள், நானும் அதில்தான் கை பழகினேன். 1:35 என்ற அளவே அங்கிருந்து வந்ததுதான். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா என்ற மாடல் நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற மாதிரி உடலைப் பெரிதாக்கியதில் அமைந்த அளவு இது. அந்த அளவுக்கு என் கண் பழகிவிட்டதால் தேவாலயத்துக்கும் அதையே எடுத்துக்கொண்டேன். நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் இதில் 28.6 மி.மீ. அடிப்பலகை 30 செ.மீ.க்கு 24 செ.மீ., அதாவது நிஜத்தில் பத்தரை மீட்டருக்கு ஏறக்குறைய எட்டரை மீட்டர் இடம். முழுத் தேவாலயமும் இதில் அடங்காது. வளைவு வாசல் உள்ள ஒரு சுவர், அதோடு சேரும் மூலை, முன்னால் மணல், ஓரத்தில் கைவிடப்பட்ட ஒரு மர வள்ளம், அவ்வளவுதான். நான் வைத்த இடத்தில் நிஜத்தில் வள்ளம் எதுவும் கிடையாது, அது என் சேர்க்கை.

கவிழ்ந்த ரயிலையும் செய்தால் பார்க்கிறவர்களுக்கு உடனே புரியுமே என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அடித்துச் செல்லப்பட்ட 653-ஆம் எண் பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் ரயிலைச் சொல்கிறார்கள். அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அப்படியே போய்விட்டார்கள். அதைப் பிளாஸ்டிக்கில் செய்து பசை போட்டுக் கவிழ்த்து வைக்க எனக்குக் கை வரவில்லை. தவிர, நான் கட்ட நினைத்தது அந்த ஓர் இரவையும் அல்ல. இன்று அந்தச் சுவரில் பார்க்கிற தேய்மானத்தில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்த அறுபது வருட உப்பும் காற்றும் மழையும் செய்த வேலை. அந்த அறுபது வருடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அளவெடுக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. போயிருந்தபோது மச்சானைச் சுவரை ஒட்டி நிற்க வைத்துப் படம் எடுத்திருந்தேன். அவர் உயரம் 170 செ.மீ., 1:35-இல் 48.6 மி.மீ. படத்தில் அவர் உயரம் 48.6 மி.மீ. வரும்படி அச்சிட்டுக்கொண்டால் அவர் நிற்கிற சுவரின் அளவுகளை எல்லாம் ஸ்கேல் வைத்து நேராகவே எடுத்துக்கொள்ளலாம். ஆள் சுவரை ஒட்டி நிற்க வேண்டும், படத்தை நேர் எதிரே நின்று எடுத்திருக்க வேண்டும், சாய்வாக எடுத்த படம் உதவாது.

சுவருக்குச் சாதாரணத் தெர்மாகோல் சரிவராது. அது மணி மணியாக உதிரும், கல் செதுக்க முடியாது. மொட்டைமாடியில் வெப்பம் இறங்காமல் இருக்கப் போடுகிற எக்ஸ்பிஎஸ் பலகை இருக்கிறதே, அதுதான் சரி. மணியே இல்லாமல் வெண்ணெய் மாதிரி சீராக இருக்கும். எனக்குக் கிடைத்தது 20 மி.மீ. தடிமன், நிஜத்தில் 70 செ.மீ. சுவர், பழைய கட்டடத்துக்கு அது பொருத்தம்தான். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கல் இணைப்புகளைக் கோடு போட்டேன். வளைவுக்கு மட்டும் மையத்தில் ஒரு குண்டூசி குத்தி, அதில் நூல் கட்டி, நூல் காட்டுகிற திசையிலேயே ஒவ்வொரு இணைப்பையும் வரைந்தேன். ஆப்பு மாதிரி இருக்கிற அந்தக் கற்கள் எல்லாம் ஒரே புள்ளியைப் பார்க்கவில்லை என்றால் வளைவு நிற்காது என்று பார்க்கிறவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், ஏன் என்று அவரால் சொல்ல முடியாவிட்டாலும்.

பவளக்கல்லின் குழிகளை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கே ஒரு வாரம் போனது. நிஜப் பவளத் துண்டை ஒட்டலாமே என்று நினைக்க வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிரினம், கரையில் ஒதுங்கிக் கிடப்பதையும் எடுக்கக் கூடாது. அதுவும் போக, நிஜத்தில் சில மில்லிமீட்டர் அகலம் உள்ள குழி இந்த அளவில் 0.1, 0.2 மி.மீ.தான் வர வேண்டும், நிஜத் துண்டை வைத்தால் குழி ஒவ்வொன்றும் கிணறு மாதிரி தெரியும். முதலில் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி உருட்டினேன், அது பொதுவான கரடுமுரடுக்கு நன்றாக இருந்தது. அதன் மேல், துரு தேய்க்கிற பித்தளைக் கம்பித் தூரிகையை எடுத்து இழுக்காமல் செங்குத்தாகக் குத்தினேன். அப்போதுதான் அந்தத் தேன்கூடு வந்தது. எல்லாக் கல்லையும் ஒரே மாதிரி குத்தக் கூடாது. நான்கில் ஒரு கல்லுக்கு மட்டும் ஊசியால் வளைந்து வளைந்து போகிற மூளைப்பவளக் கோடுகள் போட்டேன், சிலவற்றை ஏறக்குறைய மொழுமொழுவென்று விட்டேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோது அது பலகை என்பதே எனக்கு ஒரு கணம் மறந்துபோனது.

அடுத்தது காரைப் பூச்சு. வால் புட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து முக்கால் மில்லிமீட்டர் கனத்தில் தடவினேன், நிஜத்தில் ஓர் அங்குலக் காரை. அரைகுறையாகக் காய்ந்ததும் பிளேடு நுனியால் அங்கங்கே பெயர்த்தேன். இங்கே சறுக்கினேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சுவர் முழுக்கச் சமமாகப் பரவலாகப் பெயர்த்துவிட்டேன், கோலப்புள்ளி வைத்த மாதிரி.

அந்த வாரம் ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். நாற்பது வருடமாகக் கொத்தனார் வேலை. மேசையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சுவர் எங்கேயிருந்து பொரியும் மாப்பிள்ளை?" என்றார்.

"எங்கே வேணாலும் பொரியும்ல மாமா?"

"அதெப்படி? கீழேருந்து ஈரம் ஏறும். ஏறுற உயரம் வரைக்கும் பொரியும். மேலே கூரை இல்லேன்னா மண்டை வழியா மழை இறங்கும், அங்கே பொரியும். ஜன்னல் இருந்தா அதுக்குக் கீழே. நடுவுல இருக்கிற பூச்சு கிடக்கும்யா கல்லு மாதிரி."

உடனே படங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது! அடியில் மார்பளவு வரை கல் வெறுமையாக நிற்கிறது, மேல் விளிம்பிலும் அப்படியே, நடுவில் பட்டை பட்டையாகக் காரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் படங்களை நூறு தடவை பார்த்திருப்பேன், ஆனால் இது கண்ணில் பட்டதில்லை. உப்புத் தண்ணீர் கல்லுக்குள் உறிஞ்சப்பட்டு மேலே ஏறுகிறது, வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகிறது, படிகம் வளர வளரப் பூச்சை உள்ளேயிருந்து நெட்டித் தள்ளுகிறது. நம் ஊரில் சுவர் உப்பு பூத்திருக்கிறது என்று சொல்வது இதைத்தான். வெள்ளைப் படிவு அதிகமாகத் தெரிவது ஈரம் ஏறி நிற்கிற அந்த மேல் எல்லையில்தான்.

நடுப்பகுதியில் பெயர்த்த ஓட்டைகளை எல்லாம் மறுபடி புட்டி வைத்து அடைத்தேன். அடியில் 40 மி.மீ. உயரம் வரை சுத்தமாகப் பெயர்த்து எடுத்தேன், எல்லைக்கோடு மட்டும் நேராக இல்லாமல் மூலையில் கொஞ்சம் உயரமாகவும் வாசல் பக்கம் தணிவாகவும். அன்றிலிருந்து வண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கறையை இங்கே கொண்டுவந்தது யார், தண்ணீரா, காற்றா, வெயிலா, ஆளா? பதில் இல்லை என்றால் அந்தக் கறையைப் போடுவதில்லை.

வண்ணத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் முதலில். எக்ஸ்பிஎஸ் மேல் ஸ்ப்ரே பெயிண்டை நேரடியாக அடிக்காதீர்கள். அதில் உள்ள கரைப்பான் பலகையைத் தின்றுவிடும், இரண்டு நிமிடத்தில் கல் எல்லாம் உருகிச் சேறாகும். நான் வெட்டி மிஞ்சிய துண்டில் சோதித்துப் பார்த்ததால் தப்பித்தேன். கறுப்பு அக்ரிலிக்கில் ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து தூரிகையால் முழுக்கப் பூசிக் காயவைத்த பிறகுதான் மற்றது எல்லாம். பவளக்கல்லுக்குச் சாம்பல் நிறம் என்று நினைத்து ஆரம்பித்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடுகிறது. பழைய எலும்பின் நிறம்தான் அடிப்படை, அதில் சில கல்லுக்குக் கொஞ்சம் காவி, சிலவற்றுக்குக் கொஞ்சம் பச்சைச் சாம்பல். பிறகு நீர்த்த பழுப்பை ஓடவிட்டுக் குழிகளில் இறங்க விட்டேன். காய்ந்த தூரிகையில் வெளிர் நிறம் தொட்டு, துணியில் துடைத்து, மிச்சம் இருப்பதை மேலோட்டமாகத் தடவினேன். மழை வழிகிற இடங்களில், அதாவது சுவரின் மண்டையிலிருந்தும் வளைவின் இரு தோள்களிலிருந்தும் மட்டும், கறுப்புக் கோடுகளைக் கீழே இறக்கினேன். உப்புக்குச் சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து அந்த எல்லைக்கோட்டில் ஒற்றினேன். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது, காய்ந்ததும்தான் பூக்கும், அதனால் குறைவாகப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

வள்ளத்துக்கு ஐஸ் குச்சிகளை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். 18 செ.மீ. நீளம், நிஜத்தில் ஆறேகால் மீட்டர். வெயிலில் கிடந்து வெளிறிய மரத்தின் வெள்ளிச் சாம்பல் நிறத்தை வண்ணத்தால் கொண்டுவர எனக்கு ஒருபோதும் முடிந்ததில்லை, அதனால் ரசாயனம். இரும்பு நாரை வினிகரில் ஊறவைத்தால் இரும்பு கரையும், அந்தத் தண்ணீரை மரத்தில் தடவினால் மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து சாம்பலாகும், கறுக்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை ஊறப்போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். வினிகர் தண்ணீராகவே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அது துருப்பிடிக்காத எஃகு! மரவேலைக்காரர்கள் பாலிஷ் போடும்போது தேய்க்கிற மெல்லிய இரும்பு நாரை ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்கிப் போட்டேன், இரண்டே நாளில் வேலை செய்தது. மூடியை இறுக்க மூட வேண்டாம், வாயு வெளியேற வேண்டும்.

ஐஸ் குச்சி மரத்தில் துவர்ப்பு குறைவு, அப்படியே தடவினால் அழுக்கு மஞ்சள்தான் வரும். முதலில் கட்டியான தேயிலை டிகாக்ஷன் ஒரு கை பூசிக் காயவிட வேண்டும். எனக்குத் தேயிலையிலும் திருப்தி வராமல் நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கிக் கொதிக்கவைத்து வடிகட்டிப் பூசினேன். அதன் மேல் இரும்புத் தண்ணீர் பட்டதும் தூரிகை போன வழியெல்லாம் கண் முன்னாலேயே கறுத்துக்கொண்டு வந்தது. கலங்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே சேர்க்கையால்தான், கடுக்காயில் நனைத்த துணியில் இரும்பு ஊறிய நீரால் எழுதுகிறார்கள். என் மேசையில் அது நடந்ததைப் பார்க்கப் பெரிய சந்தோஷமாக இருந்தது. கடுக்காய் போட்டால் மரம் ரொம்பக் கறுத்துவிடும், பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தின் மேல் மிச்சமிருக்கிற நீலப் பெயிண்டுக்கு ஹேர்ஸ்ப்ரே முறை. சாம்பல் மரத்தின் மேல் ஹேர்ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டு, மேலே மெலிதாக நீல அக்ரிலிக் பூசி, அரை மணி நேரத்துக்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பழைய பல் தூரிகையால் தட்டினால் அடியில் உள்ள ஹேர்ஸ்ப்ரே இளகி நீலம் செதில் செதிலாக வரும். மறுநாளைக்கு என்று விட்டால் வண்ணம் இறுகிவிடும், பிறகு சுரண்டத்தான் வேண்டும். ஆணித் தலைகளைக் குண்டூசி முனையால் குத்தி, ஒவ்வொன்றிலும் துரு நிற ஆயில் பெயிண்ட் ஒரு புள்ளி வைத்து, டர்பெண்டைனில் நனைத்துத் துடைத்த தூரிகையால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு.

எல்லாம் முடித்து வள்ளத்தை மணலில் ஒரு பக்கமாகச் சாய்த்து ஒட்டினேன். போனில் படம் அனுப்பினால் மாமாவிடமிருந்து உடனே பதில்: "படகு சாஞ்சு கிடக்கு, துருவும் கூடவே சாஞ்சு ஓடுதே மாப்பிள்ளை, தண்ணி அப்படியா இறங்கும்?" வள்ளத்தை நிமிர்த்தி வைத்துத் துரு இழுத்திருந்தேன். சாய்ந்து பல வருடமான வள்ளத்தில் துரு பூமியைப் பார்த்துத்தானே வடியும். முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், இந்த வள்ளம் கடலுக்குப் போய்வந்த காலத்தில் நிமிர்ந்துதானே நின்றிருக்கும், அப்போது வடிந்ததும் இருக்கத்தானே செய்யும்? பழைய கோடுகளை மங்கலாக்கி, அவற்றின் மேல் சாம்பல் படரவிட்டு, அதே ஆணிகளிலிருந்து புதிய அடர் துருவை நேர் கீழே இறக்கினேன். இப்போது ஒவ்வொரு ஆணியிலிருந்தும் இரண்டு கோடு போகிறது, ஒன்று கடலில் இருந்த காலத்துக்கு, ஒன்று மணலில் கிடந்த காலத்துக்கு. மொத்தத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

மணல். கடற்கரை மணலையே போடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அரை மில்லிமீட்டர் மணி இந்த அளவில் 17 மி.மீ. ஜல்லியாகிவிடும். அம்மா வாசலுக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைக்கல் கோலப்பொடியைத் துணியில் சலித்து, கொஞ்சம் காவிப்பொடியும் துளி கறுப்பும் கலந்தேன். பச்சரிசி மாவு வேண்டாம், பூச்சி வரும். மேட்டையும் பள்ளத்தையும் புட்டியால் அமைத்து, காற்று ஒரு பக்கமிருந்துதான் அடிக்கிறது என்று முடிவு செய்து, சுவருக்கும் வள்ளத்துக்கும் மறைவான பக்கத்தில் மணல் வால் மாதிரி நீண்டு படிகிற மாதிரி குவித்தேன். ஒட்டுவதற்கு முன்னால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளித்து நனைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஃபெவிகால் தண்ணீர் பொடியின் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. பலகையின் அடியிலும் ஒரு கை வார்னிஷ் அடித்துக்கொண்டேன், ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளைந்துவிடும்.

மணல் மேட்டில் அடம்புக்கொடி. மின்கம்பிக்குள் இருக்கிற ஒற்றைச் செம்பு இழைதான் கொடி. இலை ஆட்டுக்குளம்பு மாதிரி நுனியில் பிளந்திருக்கும், இந்த அளவில் இரண்டு மில்லிமீட்டர். பச்சை பூசிய தாளை மடித்து நகவெட்டிக் கத்தரிக்கோலால் அரைவட்டமாக வெட்டி நுனியில் ஒரு சின்ன வெட்டு, பிரித்தால் இலை. நூற்றுப் பத்து இலை வெட்டினேன், ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து ஒட்டினேன், ஊதா நிறத்தில் மூன்றே மூன்று பூ. பச்சையை ஒன்றாக விடாமல் கொடியின் நுனிக்குத் தளிர்ப் பச்சை, அடிக்கு மஞ்சளித்த இலை.

காய்ந்ததும் பார்த்தால் மணல் முழுக்க ஈரமாகத் தெரிந்தது. ஃபெவிகால் உள்ளே இறங்கியதால் நிறம் இரண்டு படி கருத்துவிட்டது. அதே கோலப்பொடியைக் காய்ந்த தூரிகையில் எடுத்து மேடுகளில் தட்டித் தட்டி வெயில் காய்ந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன், அதற்கு மட்டும் இரண்டு மாலை.

ஆள் பொம்மை எதுவும் வைக்கவில்லை. ஆனால் ஆளே இல்லாத இடம் என்று காட்டுவதும் உண்மையில்லை, அரசு வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்த பிறகும் மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். அதனால் சுவருக்கு முன்னால் சின்னதாக ஓர் ஊற்றுக்குழி தோண்டினேன், அடியில் இரண்டு துளி எபாக்சி பிசின் ஊற்றினேன், அதுதான் தண்ணீர். எம்-சீலில் பத்து மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு குடம் பிடித்து, பிளாஸ்டிக் குடத்தின் அந்தப் பளிச்சென்ற நீலத்தை அடித்துப் பக்கத்தில் வைத்தேன். குழியைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் பொடி தட்டாமல் விட்டிருக்கிறேன், ஃபெவிகால் கறுப்பாக்கிய மணல் அங்கே அப்படியே இருக்கிறது. குடத்தைத் தூக்கும்போது தண்ணீர் சிந்துமே, அதற்காகக் குடத்திலிருந்து வாசல் பக்கம் போகிற வழியிலும் மூன்று இடத்தில் நீர்த்த ஃபெவிகால் சொட்டு வைத்தேன்.

படம் எடுக்க போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸ் பலகையைத் தொடுகிற மாதிரி வைத்தேன், 48 மி.மீ. உயர ஆளின் கண்ணுக்கு அந்த இடம் எப்படித் தெரியுமோ அப்படி. காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது எடுத்ததை மாமாவுக்கு அனுப்பினேன். "குடத்துத் தண்ணி எங்கே போகுது?" என்று மட்டும் கேட்டார். சுவருக்குப் பின்னால் ஒரு குடிசை இருக்கிறது மாமா, அது பலகைக்கு வெளியே என்றேன்.